பதினோரு நிமிடப் படகு

ஷியாமின் படகு ஹிரிவெலித் தீவிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பி, பெரிய தீவின் ஆஸ்பத்திரித் துறைக்கு இரண்டு நாற்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தலைநகர் மாலேயிலிருந்து வந்த வெங்காயம் கிலோ இருபத்திரண்டு ரூபியா. துறையில் படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டும் லத்தீஃப் வந்த நேரத்தை நோட்டில் எழுதினான். படகு கிளம்பியதாக ஹிரிவெலிக்காரர்கள் போனில் சொன்ன நேரத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தான். இரண்டும் ஒத்துவரவில்லை, இரண்டையும் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

இது ஐந்து வருட வேலை. தொடங்கியது ஒரு பெருநாளின் மூன்றாம் நாள். அன்று காலை தீவுகளுக்கு நடுவில் நடந்த படகுப் போட்டியில் ஷியாம் ஜெயித்திருந்தான். என்ஜினுக்கு அடியில் தண்ணீரைக் கடையும் விசிறியில்தான் வித்தை. தினசரி ஓட்டத்துக்குப் பதினைந்து அங்குல விசிறி. ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் தள்ளும், பாரம் இழுக்கும். போட்டிக்கு இருபத்தொன்று, படகு காலியாக இருந்தால் பறக்கும், பாரம் ஏறினால் திணறும். ஜெயித்த பெருமையில் அதைக் கழற்றாமல் விட்டிருந்தான். மத்தியானம் அவன் மனைவி நாஷிதாவுக்கு மாதம் நிறையாமலே வலி கண்டது, ரத்தமும் போயிற்று. ஹிரிவெலியில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடே கூடப் போகும். மாமியார் சகீனா, அவள் தங்கைகள் மூவர், மச்சான் முவாஸ், தலையணைகள், மூடி கட்டிய சோற்றுச் சட்டி எல்லாம் ஏறின. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் முங்கி, கடலை உழுததே தவிர மேலே எழவில்லை.

“நாலு பேரு எறங்கிக்குங்க. பின்னாடி வேற படகுல வாங்க,” என்று ஷியாம் கெஞ்சினான்.

“எம் பொண்ணு இப்படிக் கெடக்கா, நான் எறங்கணுமா?” என்றாள் சகீனா. “ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு காலைல தீவு பூரா கத்துனியே, இப்ப ஓட்டு மாப்ளே.”

போய்ச் சேர்ந்தபோது துறையில் ஆளில்லை. போனில் சொல்லியிருந்தபடி ஆஸ்பத்திரி ஆட்கள் சக்கரக் கட்டிலோடு வந்துதான் நின்றார்களாம்; ஆனால் யாருமில்லாத படகு ஒன்று முன்னால் வந்து முட்டியதாம். சொன்ன படகு இதுதான், எவனோ விளையாடியிருக்கிறான் என்று கட்டிலை உள்ளே தள்ளிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். லத்தீஃப் ஓடி அவர்களைத் திரட்டிக் கட்டிலைக் கொண்டுவரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. பதினோரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்கள் என்றார் டாக்டர். கட்டிலை யாரும் நினைக்கவில்லை. ஷியாம் அந்தப் பதினோரு நிமிடத்தையும் விசிறியின் மேல்தான் போட்டான்.

பிறகு அவன் வேறெதுவும் செய்யவில்லை. என்ஜினை மாட்டும் ஆணி ஓட்டைகளில் ஒரு ஓட்டை மேலே ஏற்றி மாட்டினான், ஓட்டிப் பார்த்தான், விசிறி காற்றைக் குடித்தது, அரை ஓட்டை இறக்கினான். விசிறி இதழ்களின் ஓரத்தை அரத்தால் ராவி, உதடு மாதிரி லேசாக வளைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினான். இருக்கைகளைக் கழற்றினான், கூரையை, நங்கூரத்தை, கடைசியில் தண்ணீர் இறைக்கும் தகர டப்பாவையும் எடுத்தான். ஐம்பது நிமிட ஓட்டம் முப்பதானது, பத்தானது, ஒன்றுமில்லாமல் ஆனது. ஐந்தாம் வருடம் ஒன்றுமில்லாததற்கும் கீழே போனது.

தீவு அதிகம் வியக்கவில்லை. “மச்சான், நாளைக்குக் கெளம்புனா நேத்து மீன் கொழம்புக்கு வந்துருவியா?” என்று முவாஸ் கேட்டான். ஒரு நாள் ஒரு கூடை சூரை மீனை ஏற்றிப் பார்த்தார்கள். படகு எல்லாப் படகும் போல ஐம்பது நிமிடம் எடுத்தது. காலியாக இருந்தால்தான் அது காலத்தை முந்தும் என்று தெரிந்ததும் யாருக்கும் அதனால் பயனில்லை.

மிச்சமிருந்த பாரம் ஷியாம்தான், அறுபத்தொரு கிலோ. ஏழாம் வருடம், பெருநாளின் மூன்றாம் நாள், அவன் சுக்கானைக் கயிற்றால் நேராக இழுத்துக் கட்டினான். காகிதத்துக்கும் எடை உண்டு என்பதால், சொல்ல வேண்டியதைத் தரைப்பலகையில் ஆணியால் கீறினான். கீறினால் மரத்தூள் போகும், படகு இன்னும் கொஞ்சம் லேசாகும். என்ஜினை முடுக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். படகு நுரைகூட விடாமல் போயிற்று.

கரையேறி லத்தீஃபுக்குப் போன் போட்டான். படகு எதுவும் வரவில்லை என்றான் லத்தீஃப். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஷியாம் பயணிப் படகில் போய் இறங்கினான்.

துறையின் ஓரத்தில் அனாமத்துப் படகு ஒன்று கிடந்தது. ஏழு வருடமாக அது அங்கேதான் கிடந்தது, எத்தனையோ முறை அவன் அதன் பக்கத்தில்தான் தன் படகைக் கட்டியிருந்தான். அதில் ஒரு பெண் மீன் காயவைப்பாள். இன்று அதன் துருப்பிடித்த விசிறியைப் பார்த்தான். இதழ்களின் ஓரம் உதடு மாதிரி வளைந்திருந்தது.

“இது எப்ப வந்துச்சு லத்தீஃப்?”

“ஒன் சம்சாரத்தக் கொண்டாந்தியே, அன்னிக்குத்தான். ஒனக்குக் கொஞ்சம் முன்னால. சொன்னேனே.”

“உள்ள பாத்தீங்களா?”

“முழங்கால் தண்ணி கெடந்துச்சு. எறைக்க ஒரு டப்பாகூட இல்ல. எவன் எறைச்சுப் பாப்பான்?”

ஷியாம் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தான். பலகையில் அவன் எழுத்து இருந்தது: *நாஷிதா வருகிறாள். கட்டிலோடு இங்கேயே நில்லுங்கள்.*

“ஓ, அதுவா?” என்றாள் மீன்காரி. “தண்ணி வத்துன நாள்லேருந்து இருக்கு தம்பி. மீன மணல்ல வெச்சிராதீங்க.”

அவன் பக்கத்துக் கடையில் ஒரு தகர டப்பா வாங்கிவந்து படகின் உள்ளே கயிறு போட்டுக் கட்டினான். பிறகு அவளோடு உட்கார்ந்து மீன்களைத் திரும்பப் பரப்பினான். வெயில் நன்றாக இருந்தது. நாலு மணிப் படகு நாலு மணிக்குத்தான் கிளம்பியது.