தாண்டவராயனின் தோள்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ராயப்பனின் பிளெக்ஸ் பேனர் கடை. பானுப்ரியா அங்கே நாலு வருஷமாக டிசைனர். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடையில் அவள் தனியாக இருந்தாள்.

"எதிர்க்கடைக்காரன் போர்டைப் பாரு. செத்தவரு தேர்ல போறாரு, மேல தேவதைங்க பூ போடுது. ஜனங்க வண்டிய நிறுத்திப் பாக்குது. நம்ம போர்டை எவன் பாக்கறான்?" என்று கேட்டுவிட்டு ராயப்பன் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். படத்தைத் தானே வரைந்துவிடும் சாஃப்ட்வேர் ஒன்றைப் பார்த்துவரப் போகிறார். "இன்னிக்கு ஆள் திரும்பிப் பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டு. இல்லன்னா திங்கக்கிழமைலேர்ந்து வேற எடம் பாத்துக்கம்மா."

பிள்ளையாரே, கைவிட்டுடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் திரையைத் திறந்தபோது, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கணவனை இழந்த முனியம்மாள்; கூடவே கணவனின் அண்ணன் மகன் செல்வகுமார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அஞ்சலி பேனர் சாயங்காலத்துக்குள் பாலத்தடியில் நிற்க வேண்டும்.

"தேரு, சிங்கம், மின்னல் எல்லாம் வேணும். கீழ எங்க பசங்க முப்பது பேரு மூஞ்சி" என்றான் செல்வகுமார்.

கிடைத்தது ஒரே படம். பேத்தியின் காதுகுத்தில் எடுத்தது. வரிசையின் கடைசியில் பனியனும் தோளில் துண்டுமாக முனியம்மாளின் கணவர் தாண்டவராயன் நின்றிருந்தார்.

பானுப்ரியா வழக்கமாகச் செய்வதையே செய்தாள். தலையை மட்டும் வெட்டி எடுத்தாள். சாய்ந்திருந்ததை நிமிர்த்தினாள். கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பில் ஒட்டினாள். ஊரில் ஐம்பது பேருக்கு மேல் அந்த ஒரே சட்டையில்தான் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கொஞ்சம் வசதியானவர்களுக்குக் கோட்டு. கடைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்கும் ராயப்பனின் அப்பாவுக்கும் கோட்டுதான்.

முனியம்மாள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"ஐயாதாம்மா."

"அவரு மார்க்கெட் கமிட்டியில நாப்பது வருசம் மல்லாட்டை மூட்டை தூக்கனவரு. வலது தோளு எறங்கியே இருக்கும். தல இந்தப் பக்கம் சாஞ்சிதான் நிக்கும். இது யாரோ கவுன்சிலரு மாரி நிக்கறாரு."

பானுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இந்த நாலு வருஷத்தில் எத்தனை தோள்களை அவள் நிமிர்த்தியிருப்பாள்! யாருடைய தோளையும் நின்று பார்த்ததில்லை.

தேர் போட்டால் வேலை தங்கலாம். அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தபின் தேரைத் தேட அவளுக்கு மனம் வரவில்லை. பயந்துகொண்டேதான் பழைய படத்தைத் திரும்ப எடுத்தாள். பனியன், துண்டு, இறங்கிய தோள், சாய்ந்த தலை, எதையும் தொடவில்லை. சுற்றிலும் இருந்தவர்களை மட்டும் நீக்கி, ஆளைப் பேனர் உயரத்துக்குப் பெரிதாக்கினாள். பின்னால் வெறும் வெள்ளை. கீழே பேரும் தேதியும்.

"பனியனோட போட்டா மானம் போவாதா சித்தி?" என்று செல்வகுமார் குதித்தான்.

"அவரு சட்ட போட்டு நீ எப்படா பாத்த?"

"எங்க மூஞ்சிங்க எங்க?"

"நீயாடா செத்த?"

அவன் போகும்போது பானுப்ரியாவைப் பார்த்து, "யாரும் திரும்பிப் பாக்கலன்னா ஒங்க ஓனராண்ட வந்து கத்துவேன், பேஜாராயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நாலு மணிக்குப் பேனர் நின்றது. அதற்கு இடது பக்கம் யாரோ வீட்டுக் காதுகுத்து பேனர், வலது பக்கம் எதிர்க்கடை போட்ட தேர் பேனர். பானுப்ரியா கடைவாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் போனைப் பார்த்தபடி போனார்கள். ஒரு பையன் தேரின் முன்னால் நின்று செல்பி எடுத்தான். அரை மணி நேரத்தில் ஒரே ஒருவர் நின்றார். வேர்க்கடலை ஏலம் நடக்கும் கமிட்டியிலிருந்து திரும்பும் மூட்டைக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். ஒருவரை வைத்து வேலையைக் காப்பாற்ற முடியுமா?

ஐந்தரைக்கு ராயப்பன் வந்தார்.

"யாரும் பெருசா பாக்கல சார்" என்று அவளே முந்திக்கொண்டாள்.

"பஸ்லேர்ந்து பாத்தேன். பேரு படிக்கறதுக்குள்ள தாண்டிடுச்சி. ஆனா ஆளு யாருன்னு தெரிஞ்சிபோச்சி. மூட்டைக்கார தாண்டவராயன்." உட்காராமல் நின்றுகொண்டே சுவரைப் பார்த்தார். பிறகு அப்பாவின் படத்தைக் கழற்றினார். "எங்கப்பா சைக்கிள் கட வெச்சிருந்தவரு. ஜென்மத்துல கோட்டு போட்டதில்ல. இத்தினி வருசமா இந்தக் கோட்டுக்குத்தான் மால போட்டுக்கினு இருந்திருக்கேன்."

படத்திலிருந்து நழுவிய மாலையை அவள் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"வீட்ல அவரு படம் ஒண்ணு இருக்கு. பம்ப்ப கையில வெச்சிக்கினு குந்தியிருப்பாரு. திங்கக்கிழம எடுத்தாறேன்."

"திங்கக்கிழமை நான்..."

"ஒம்போது மணிக்கு வந்துடு. அந்த சாஃப்ட்வேரையும் வாங்கத்தான் போறேன். நீயே கத்துக்க."

வீட்டுக்குப் பஸ் ஏற அவள் பாலத்தடிக்கு வந்தாள். முனியம்மாள் பேனர் முன்னால் எக்கி நின்று, அந்த இறங்கிய தோளில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பானுப்ரியா பக்கத்தில் போய் நின்றாள். அவள் ஏற வேண்டிய விழுப்புரம் பஸ் ஒன்று வந்து நின்று போனது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.