கம்பெனி பெயிண்ட்

கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் இருபது வருடம் ஊறிய அந்த மனிதருக்குக் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: தேய்க்காமல் எதுவும் உருப்படாது. பல்லையும் அதே கணக்கில்தான் தேய்த்தார். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ், மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். கை வலித்தால்தான் அவருக்கு விளக்கின மாதிரி.

காரணம் இருந்தது. அவருடைய அப்பா பல்லே விளக்காமல் நாற்பத்தைந்து வயதிலேயே பொக்கைவாய் ஆனவர். கடைசிவரை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தே காலத்தை ஓட்டினார். அந்தக் கதி தனக்கு வரக்கூடாது என்று பெயிண்டர் சத்தியமே செய்திருந்தார். இப்போது வயது நாற்பத்து மூன்று. பச்சைத் தண்ணீர் பட்டாலே உச்சந்தலை வரை சுரீர் என்கிறது. ஈறு மேலே ஏறி, பல்லோரத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது.

வயிற்றெரிச்சலைக் கிளப்ப வீட்டிலேயே ஒரு மச்சினன் இருந்தான். மெத்தென்ற பிரஷ்ஷோடு குளியலறைக்குள் போனால் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடுவான். ஐஸ் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பான்.

"என்ன மாமா, பல்லு விளக்குறீங்களா, பாறை உடைக்கிறீங்களா?"

"போடா சோம்பேறி! கடவுள் உனக்குக் கண்ணை மூடிக்கிட்டு நல்ல பல்லாக் குடுத்திருக்கான்டா."

"சோம்பேறிதான். ஆனா படுக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் கூட விளக்காம படுத்ததில்ல அவன்," என்றாள் மனைவி, தம்பியை விட்டுக்கொடுக்காமல். பெயிண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலை பட்டறைக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். வாங்கி மூன்று மாதமான சிவப்புக் கார். பறவை எச்சத்தைப் போக்குகிறேன் என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் முன்பக்கம் முழுக்கத் தேய்த்து வைத்திருந்தார்.

"அறிவிருக்கா சார்?" பெயிண்டர் பட்டறையே அதிரக் கத்தினார். "கம்பெனி பெயிண்ட் சார் இது! போனா போனதுதான். நான் தலைகீழா நின்னு அடிச்சாலும் ரெண்டாந்தரம்தான்!"

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்…"

"சுத்தமாம் சுத்தம்! சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போங்க."

மதியம் பல் டாக்டரிடம் போனார். வாயை உற்றுப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "போன்லயே பிரஷ் கொண்டு வரச் சொன்னேனே?"

எடுத்து நீட்டினார். நார்கள் நாலா பக்கமும் படுத்துக் கிடந்தன.

"எத்தனை மாசமா வச்சிருக்கீங்க?"

"மாசமா? பன்னெண்டு நாள்தான் ஆச்சு டாக்டர்." குரலில் பெருமை வழிந்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "பல்லுக்கு மேல கெட்டியா ஒரு பூச்சு இருக்குங்க. முளைக்கும்போதே கூட வர்றது. போனா திரும்ப வராது. ஈறு ஓரத்துல அதைத் தேய்ச்சே எடுத்துட்டீங்க. நான் அடைச்சு விடறேன். ஆனா அது பழையபடி ஆகாது."

"என்னங்க அநியாயம்! விளக்காத எங்கப்பாவுக்கும் போச்சு, விளக்கின எனக்கும் போகுதுன்னா மனுஷன் என்னதான் பண்றது?"

"மெதுவா பண்ணுங்க. மெத்துன்னு ஒரு பிரஷ், மூணு விரல்ல பிடிங்க. காலையில ரெண்டு நிமிஷம், படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். இல்லைன்னா இந்த ரெண்டு பல்லு தங்காது."

அட, மச்சினன் செய்வது அச்சு அசல் இதுதானே! இருபது வருடம் கையொடியத் தேய்த்ததற்கு இதுவா பலன்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். சிவப்பு பளபளத்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "பழைய பெயிண்ட் மாதிரி வருமாங்க?"

காலையில் கத்தின வாய்க்குள் நாக்கு, பல்லோரத்துப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"வராது சார்," என்றார் பெயிண்டர். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னுதானே தேய்ச்சீங்க."