வெள்ளையாகாத திரை

அக்கா இறந்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. அவள் மணிக்கட்டிலிருந்த மீட்டரை அவளுடைய மேனேஜர் மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் தொண்ணூற்றாறு என்று அது இன்னும் காட்டியது.

"ட்ரையல் பீஸும்மா. ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும்."

கால்மாட்டில் இருந்த பெரியம்மா தங்கையைப் பார்த்தாள். "தொண்ணூத்தாறுன்னா நல்லதுதானே? அப்புறம் எப்படிடி போனா? பக்கத்துலயே படுத்திருந்தியே, கும்பகர்ணி!"

தங்கையின் கண் மீட்டரின் திரையிலேயே இருந்தது.

அந்தத் திரை அக்கா செய்தது. எண்ணை எழுதத்தான் அதற்கு மின்சாரம் வேண்டும். எழுதியது மின்சாரம் போனாலும் அழியாமல் அப்படியே இருக்கும். திரையின் எந்தப் புள்ளி வரிசைக்கு எப்போது எவ்வளவு வோல்ட் என்று மண்டையை உடைத்து, ஒரு பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்காக ஓட வைத்தாள். ஒரு சண்டை மட்டும் ஓயவில்லை. பேட்டரி தீரும்போது பழைய எண் நிற்கக் கூடாது; மிச்ச மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில் பிடித்துவைத்து எல்லா வரிசைகளையும் ஒரே வீச்சில் வெள்ளையாக்க வேண்டும் என்றாள். வீண் செலவு என்றார் மேனேஜர்.

அக்கா உடம்பு முடியாமல் லீவு போட்டுப் படுத்த பிறகு அவரே வந்து இந்த மீட்டரைக் கட்டிவிட்டுப் போனார். அன்று அக்கா சிரித்தாள். "கல்லுல நார் உரிச்சுட்டேன்டி. கெப்பாசிட்டரைப் போட்டுட்டாங்களாம்."

நேற்றிரவு அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தங்கை செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். அக்கா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "தொண்ணூத்தாறு. பேட்டரி போயிருந்தா வெள்ளையாயிருக்கும். என் திரைடி, பொய் சொல்லாது. போய்ப் படு."

மேனேஜர் பையைத் திறந்தார். "கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. மீட்டரே சொல்லுதே. திடீர்னு ஹார்ட்..."

தங்கை மீட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வாழ்நாளில் எதையும் அவள் பிடுங்கியதில்லை. பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். திரையில் எண் அப்படியே நின்றது.

"இப்ப வெள்ளையாகணுமே, சார்?"

அவர் வாசலைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"பெரியம்மாவுக்குக் கேக்கணும். சத்தமா சொல்லுங்க."

கூடத்தில் அழுகை நின்றது.

"அந்தக் கெப்பாசிட்டரை நாங்க போடவே இல்ல" என்றார். "போட்டாச்சுன்னு அவங்ககிட்ட சும்மா சொன்னேன்."