கம்பத்தை எடு

கிழக்கு வெளுக்கும்போதே வடத்தைப் பிடித்துவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் களிமண் லேசில் விட்டுக்கொடுக்காது. கடப்பாரையால் சுற்றிலும் தோண்டி, வடத்தைக் கட்டி, இருபது பேர் மூச்சைப் பிடித்து இழுத்தால்தான் ஒரு கம்பம் அசைந்து கொடுத்தது. போன வாரம் அதே இருபது பேர்தான் அவற்றை நட்டார்கள். வீரம்மா வடத்தின் கடைசியில் நின்று இழுத்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"நீ ஒதுங்கி நில்லு புள்ள" என்றான் அவள் புருஷன் பழனியப்பன்.

"நடும்போது ஒதுங்கியா நின்னேன்?"

முந்தின வருஷ வெள்ளத்தில் கிள்ளான் ஆறு சூளைக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்துக்குள் புகுந்தது. மகள் தங்கமணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வீரம்மா விடியும்வரை தண்ணீரில் நின்றாள். பிள்ளை பிழைத்தது என்றுதான் நினைத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது.

புது லயத்துக்குப் படம் வரைய வந்தவர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் பதினைந்து வருஷம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகளை வரைந்து சலித்து வெளியே வந்தவர். இங்கே வந்து ஆறு வாரம் காகிதத்தையே தொடவில்லை. மழை கொட்டும்போது குடையோடு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். மலாய்க்காரர்களின் ஊர்களுக்குப் போய், தரைக்கும் வீட்டுக்கும் நடுவில் எதற்கு அவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்று விசாரித்தார். ஐயாவுக்கு மழைப் பைத்தியம் என்று கூலிகள் சிரித்தார்கள்.

ஒருநாள் அவர் வீரம்மாவைக் கூப்பிட்டு, "தண்ணி எதுவரைக்கும் வந்தது பிள்ளை?" என்று கேட்டார். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம் வைத்துக் கம்பங்களை வரைந்தார். கம்பத்தின் மேல் வீடு. வெள்ளம் வந்தால் அடியில் போய்விடும், காற்று எல்லா நாளும் வரும். நின்ற மரங்களில் ஒன்றைக்கூட வெட்டாமல், அவற்றின் நிழலுக்கு ஏற்றபடி வீடுகளை வளைத்து வைத்திருந்தார். கம்பெனித் துரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வயிற்றில் இருக்கிற பிள்ளை அந்த வீட்டில்தான் பிறக்கும் என்று வீரம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

நேற்று மாலை, கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஜெயராஜ் சைக்கிளில் வந்து, "கம்பத்த எடுக்கச் சொல்லிட்டாரு முதலாளி. நாளைக்கே எடுத்துடணும் லா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கப்பலேறி வந்து இரண்டு வருஷமாகியும் கேட்கிற பழக்கம் வரவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏழு மணிக்கு வந்த கார்த்திகேசு, விழுந்து கிடந்த கம்பங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் பிடுங்கச் சொன்னது?"

"முதலாளி உத்தரவுங்க. மண்டோர் வந்து சொன்னாரு" என்றான் பழனியப்பன்.

பின்னாலேயே வந்த ஜெயராஜ் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "நான் சொன்னது இந்தக் கம்பம் இல்லண்ணே. ஆத்தோரம் குடிசை போட்டிருக்கீங்களே, அந்தக் கம்பம். அங்க புதுச் சூளை வருது. இங்க எல்லாம் ஊரத்தான லா கம்பம்னு சொல்லுவோம்."

அவன் கிள்ளானில் பிறந்தவன். மலாய்க்காரர்கள் சொல்கிற மாதிரி அவனுக்குக் கம்பம் என்றால் குடியிருப்பு. இவர்களுக்கு மரத்தூண்.

வீரம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. வெள்ளத்துக்குப் பின் போட்டுக்கொண்ட அந்தக் குடிசைகளையும் காலி செய்யச் சொல்கிறார்கள். போக வேண்டிய வீட்டையோ தங்கள் கையாலேயே பிடுங்கிப் போட்டாயிற்று. அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காண்டிராக்டர் ராதாகிருஷ்ணன் மோட்டாரில் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டுத் திட்டுவார் என்று நினைத்தார்கள். அவர் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. எனக்கு வேலை மிச்சம்."

"திருப்பி நட்டுடுறோம் முதலாளி" என்றான் பழனியப்பன்.

"வேணாம். சூளைக்கு வெறகு பத்தல. அறுத்து அங்க போடுங்க. லயம் தரையிலயே வரட்டும்."

"துரை ஒப்பம் வைச்ச படம் இருக்கு" என்றார் கார்த்திகேசு.

"துரை சீமைக்குப் போயிட்டாரு. வந்து கேட்டா, கூலிங்களே பிடுங்கிப் போட்டாங்கன்னு சொல்றேன். பொய்யா?"

கார்த்திகேசு விழுந்து கிடந்த கம்பங்களைத் திரும்பிப் பார்த்தார். பொய் இல்லைதான்.

"லயம் கட்டி முடிக்கிறவரைக்கும் நாங்க எங்க இருக்கறது?" என்று வீரம்மா கேட்டாள்.

"மரத்தடியில இரு. ஐயாதான் ஒரு மரத்தையும் வெட்டாம வச்சிருக்காரே."

"தரையில கட்டினா தண்ணி வரும் முதலாளி."

"வருஷா வருஷமா வருது?"

"ஒரு வருஷம் வந்துச்சு. எம்புள்ள போயிருச்சு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரம்பத்த எடுங்கடா" என்றார்.

வீரம்மா பக்கத்தில் கிடந்த கம்பத்தின் மேல் உட்கார்ந்தாள். மயக்கமோ என்று பழனியப்பன் பதறி வந்தான்.

"ஒண்ணுமில்ல. நாம பிடுங்கினது, நாமதான் திருப்பி நடணும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ரம்பம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஜெயராஜ், உக்காந்திருக்கவங்க பேர எழுதி வை. பந்திங் ஊர்ல இருந்து லோரியில வேற ஆளுங்கள இறக்குறேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு ராதாகிருஷ்ணன் மோட்டாரில் ஏறிப் போனார்.

ஜெயராஜ் பென்சிலை எடுத்தான். அவன் கேட்காமலே தங்கள் பேரை அப்பன் பேரோடு சேர்த்துச் சொன்னார்கள். இருபது பேரும் ஆனபின், போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அழுக்காகுமே என்று யோசிக்காமல் கார்த்திகேசுவும் சேற்றில் கால் வைத்து வந்து உட்கார்ந்தார்.

"என்ரை பேரையும் எழுதும்."

"உங்களுக்கு எதுக்கு லா ஐயா, இந்த வம்பு?"

"நான் படம் கீறின வீடு. எழுதும்."

ஜெயராஜ் எழுதினான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெயித்துவிடுவோம் என்று வீரம்மா நினைக்கவில்லை. ஆள் வரும், போலீசும் வரும். குடிசையும் போகும், வேலையும் போகும். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பந்திங் ஆளுங்க நம்மள மாதிரி வயித்துக்கு வந்தவங்கதான். அவங்க ரம்பத்த எடுத்தா என்ன பண்றது?" என்றான் பழனியப்பன்.

"அவங்க எங்க குடியிருக்கப் போறாங்க? இதே லயத்துலதான?"

அவள் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.

"நீயும் தள்ளி உக்காரு. அவங்களுக்கு எடம் வேணும்."