டைட் எண்டுக்குப் பஞ்சமே இல்லை

லைல் ஹேவர்கேம்ப் பேச எழுந்தால் நாங்கள் எல்லோரும் சாசேஜை வாயில் திணித்துக்கொள்வோம். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. டொலீடோவில் காப்பீடு விற்கிற மனிதர், ஆகஸ்டு வந்துவிட்டால் அறிஞராகிவிடுவார். அந்த வருஷம் டுவேனின் கார் ஷெட்டுக்கு வெள்ளைப் பலகையோடு வந்து இறங்கினார்.

ஃபேன்டஸி ஃபுட்பாலில் எங்கள் வேலை எளிது. அமெரிக்கக் கால்பந்தின் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எலும்பை முறித்துக்கொள்வார்கள், புள்ளி எங்களுக்கு வரும். அந்தப் பங்கு பிரிக்கும் நாளில்தான் லைலின் பிரசங்கம்.

"டைட் எண்டை யாரும் சீக்கிரம் எடுக்காதீங்க" என்றார். "இந்த வருஷம் டைட் எண்டுக்குப் பஞ்சமே இல்ல. கடல் மாதிரி கிடக்கு. கடைசியில கையை விட்டு அள்ளிக்கலாம்."

டைட் எண்ட் என்பவன் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. பாதி நேரம் எதிரியை முட்டித் தள்ளுவான், மீதி நேரம் பந்து பிடிப்பான், பாராட்டு வேறு யாருக்கோ போகும். ஆனால் அணிக்கு ஒருவன் இருந்தே ஆக வேண்டும்.

லைல் உட்கார்ந்த கையோடு, இரண்டாவது சுற்றிலேயே ராண்டா ஷிமான்ஸ்கி, "கோர்டெல் பேங்க்ஸ்" என்றாள். நாட்டிலேயே சிறந்த டைட் எண்ட்.

"நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசினேன்?" என்றார் லைல்.

"அதைத்தான் நாங்களும் யோசிச்சிட்டிருந்தோம்" என்றான் டுவேன்.

சிரித்தோம். ஆனால் அவள் செய்ததை யாரும் செய்யவில்லை. சிரித்துக்கொண்டே லைல் சொன்னபடி காத்திருந்தோம். கடைசிச் சுற்றுகளில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டம்போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். கடலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

ராண்டாவுக்கு எங்கள் ஷெட் லீகில் இருக்க வேண்டிய அவசியம் எங்களைவிட அதிகம். பல் மருத்துவமனையில் மற்றவர்கள் வாயைச் சுத்தம் செய்கிற வேலை. அங்கே பேச்சு ஒருவழிப் பாதை. விவாகரத்து முடிந்து ஊர் திரும்பியவளுக்குப் பழைய சிநேகிதிகள் எல்லாம் பேரப்பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரிப்பது டுவேனின் ஷெட்டில்தான். ஆனால் எங்கள் லீகில் ஒரு விதி உண்டு: கடைசியாக வருகிறவர் இடத்தை இழப்பார். தரத்தைக் காக்க வேண்டுமென்று லைல் கொண்டுவந்தது. காலியாகும் இடத்துக்கு அவருடைய மைத்துனன் கிப் காத்திருந்தான்.

டைட் எண்டை அவ்வளவு சீக்கிரம் எடுத்ததால் மற்ற இடங்களில் ராண்டாவின் அணி ஓட்டையாக இருந்தது. தோற்றுக்கொண்டே வந்தாள். நல்ல செய்தி என்னவென்றால், தன் அறிவுரையை எங்கள் எல்லோரையும்விட முழுசாக நம்பிய லைல் இன்னும் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். சீசனின் கடைசி வாரம் அடிமட்டத்தில் இருந்த இவர்கள் இரண்டு பேரும் மோத வேண்டி வந்தது. தோற்பவர் வெளியே.

அந்த வாரம் பயிற்சியில் கோர்டெல் பேங்க்ஸின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. லைலின் டைட் எண்ட் ஆடுகிற அணிக்கோ அது ஓய்வு வாரம். இரண்டு பேரும் யாரும் எடுக்காத ஆட்களிடம் போக வேண்டியதாயிற்று. கடைசி இடத்தில் இருப்பவருக்கு முதல் தேர்வு. அந்த மரியாதை லைலுக்கே கிடைத்தது.

"பிரென்ட் ஹாலவே" என்றார் கம்பீரமாக. ஒரு காலத்தில் பெரிய ஆள். பெயர் மிச்சமிருந்தது, முழங்கால் இல்லை.

ராண்டா கஸ் டாலிவரை எடுத்தாள்.

"டாலிவரா? அவன் முட்டித் தள்ள மட்டும்தான் வருவான்மா. அவன் ஆட்டக்காரனே இல்ல, சுவரு."

"சுவருன்னா கிரவுண்டுலயாவது நிக்கும். உன் ஆளு பெஞ்சை விட்டு எழுந்திருப்பானா?"

"ஹாலவேன்னா அது ஒரு பேரு, ராண்டா."

"பேரு ஓடாது, லைல்."

ஓடவில்லை. ஞாயிறு மதியம் முழுக்க ஷெட்டு டிவியில் ஹாலவே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் நின்றான். அப்படியும் மற்ற ஆட்களின் தயவில் லைல் ஐந்து புள்ளி முன்னால் இருந்தார். சாயங்கால ஆட்டத்தில் ராண்டாவுக்கு மிச்சமிருந்தது அந்தச் சுவர் மட்டும்.

முக்கால்வாசி ஆட்டம் வரை டாலிவர் முட்டினான், தள்ளினான், விழுந்தான். ராண்டா சில்லிக் குழம்புக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தாள். ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. லைல் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கியிருந்தார். "கிப் நல்ல பையன், உனக்கும் பிடிக்கும்" என்றார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோல் கோட்டுக்கு ஒரு கஜம். டாலிவர் வழக்கம்போல ஒருவனை முட்டினான். முட்டியவன் வழுக்கியது போல விலகி, கோட்டுக்குள் நகர்ந்து திரும்பி நின்றான். அவன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. சுவருக்கு யார் காவல் போடுவார்கள்? பந்து மெதுவாக, ஏதோ பார்சல் கொடுக்கிற மாதிரி வந்து அவன் நெஞ்சில் விழுந்தது. டச்டவுன். ஆறு புள்ளி.

ராண்டா கத்தவில்லை. கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் லைல் எழுந்தார். "அந்த விதியோட உள்நோக்கத்தை நாம சரியாப் புரிஞ்சுக்கணும்..." என்று ஆரம்பித்தார். டுவேன் சாசேஜ் தட்டை எங்கள் பக்கம் தள்ளினான்.

"உக்காரு லைல்" என்றாள் ராண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விதியை எடுத்துடலாம். எடுக்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் உயர்ந்தது லைலின் கை.

"அப்ப கிப்?" என்றேன்.

"காத்திருக்கட்டும்" என்றார் லைல். "அவனுக்கு ஆட்டமே தெரியாது."

"நீ இருந்தே ஆகணும்" என்றாள் ராண்டா. "நீ சொல்றதுக்கு நேரெதிரா செய்யணும்னா, சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்ட லைல், அடுத்த வருஷம் எந்த இடத்துக்குப் பஞ்சம் வராது என்று விளக்க ஆரம்பித்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ராண்டா ஹீட்டர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குறுக்கே குறுக்கே பேசி அவரைத் திருத்தினாள்.