பச்சை விளக்கு வரும்வரை

மூன்றாவது பேட்டரியைச் சார்ஜரில் அழுத்தும்போதே அவருக்கு மனைவியின் அதட்டல் ஞாபகம் வந்தது. "சிவப்போட சிவப்பு. நீலத்தைக் கலந்தீங்க, தொலைச்சுருவேன்."

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போட்டோக்காரம்மா வீட்டுக்காரர், அவ்வளவுதான். அவள் படம் எடுப்பாள். இவர் பை சுமப்பார், பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார். அந்த ஒரு வேலையிலும் இரண்டு தடவை கோட்டை விட்டிருக்கிறார். புதுசும் பழசுமாகக் கலந்து போட்டதில், ஒரு கல்யாணத்தில் மோதிரம் மாற்றுகிற நேரம் பார்த்து ஃபிளாஷ் மின்னவில்லை. அன்றிலிருந்து நாலு நாலு பேட்டரிக்கு ஒரு நிற நகப்பூச்சுப் பொட்டு. இன்னொரு நாள் மெத்தைமேல் சார்ஜரை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நல்லவேளை, விரிப்பு மட்டும் கருகியது. அதற்குப் பிறகு வெறுந்தரையில்தான் சார்ஜர். சூடான பேட்டரி ஆறிய பிறகுதான் உள்ளே போகும். பச்சை விளக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், அதுவரை அவர் அறையை விட்டு நகரக் கூடாது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் அதைத்தான் கேட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ஆர்டர் இருக்கு. பேட்டரி எல்லாம் காலி. போய் சார்ஜ் போடுங்க."

"நீ இருக்கிற இருப்புக்கு ஆர்டர் ஒரு கேடா?"

"அதை நான் பாத்துக்கிறேன். பச்சை வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. பாதியில எந்திரிச்சு ஓடி வரக் கூடாது."

அந்த அதட்டலைக் கேட்டு அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படி விரட்டுகிறவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார். அவளுடைய தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

நாலாவது பேட்டரியையும் போட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"மாமா..." என்றாள் மச்சினி. அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அந்த நிலையிலும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எல்லாம் முடிந்து, சனிக்கிழமை மத்தியானம், மச்சினி அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்த ஞாயித்துக்கிழமை ஆர்டர். அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்மா," என்றார் அவர்.

"அக்கா சொல்லிருச்சு மாமா. திங்கக்கிழமையே என் போன்ல பேசி, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிருச்சு."

"திங்கக்கிழமையா? என்னைச் சார்ஜ் போட அனுப்பினது வியாழக்கிழமை. அப்புறம் எதுக்கு அனுப்பினா?"

அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள். "நீங்க கதவைத் தாண்டினதும் சொல்லுச்சு. 'இன்னும் மூணு மணி நேரம் அசைய மாட்டாரு. அது போதும்டி. அவரு இதைப் பாக்க வேணாம்.'"

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கடைசியாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்க விடாமல் ஏமாற்றிவிட்டாளே. ஒரே ஒரு நிமிடம் அவள் எதிரே வந்து நின்றால் போதும், ஆத்திரம் தீர ஒரு சண்டை போடலாம். சண்டைகூட வேண்டாம். வந்து நின்றால் போதும்.

மச்சினி போன பிறகு சார்ஜரைத் தரையில் வைத்து, சிவப்புப் பொட்டு நாலையும் மறுபடி சொருகினார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். பசித்தது, கால் மரத்தது. எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பச்சை வந்தது. கழற்றி, ஆறவிட்டு, ஃபிளாஷில் போட்டார். அது கீச்சென்று மெல்லிய சத்தம் எழுப்பித் தயாரானது.

அலமாரியில் இருபத்திரண்டு வருஷத்து ஆல்பங்கள் இருந்தன. அவற்றில் அவர் இருக்கிற படம் ஒவ்வொன்றிலும் கண் மூடியிருக்கும். "ஒரு நொடி தொறந்து வெச்சா குறைஞ்சா போயிருவீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் கண் உயரத்துக்கு ஒரு தட்டு இருந்தது. கேமரா இல்லாமல் ஃபிளாஷை மட்டும் அதில் தன் பக்கம் பார்த்து வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

கண்ணை மூடவில்லை. பளீரென்ற வெளிச்சம் அடங்கிய பிறகு, அவர் பார்த்த இடத்திலெல்லாம், நாற்காலியில், வாசலில், மடித்து வைத்த துணிமேல், ஒரு வெள்ளைப் பொட்டு கொஞ்ச நேரம் நின்றது.