யார் கையில் கத்தி?

"வியாழக்கிழமை ஆபரேஷன். மாப்பிள்ளைக்கு நானே தேதி வாங்கிட்டேன். கைராசியான டாக்டர்மா" என்றான் அண்ணன், போனில்.

லிஃப்ட் மெக்கானிக்கான தங்கைக்குச் சுள்ளென்று ஏறியது. பஸ் டிரைவரான அவள் கணவன் இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். இடுப்பு ஜவ்வு விலகி நரம்பை அழுத்தியதில் வலது கால் முழுக்க வலி.

"ராசி பாத்துத் திறக்க இது என்ன புதுக்கடையாண்ணா? முதுகெலும்பு!"

"என் முதலாளியோட மாமனாருக்கே அவர்தான் செஞ்சார்."

"அவருக்கு என்ன ஆபரேஷன்?"

"முழங்கால்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் புதன்கிழமை கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கு முடிச்சிடலாம்."

"இதே ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க டாக்டர்?"

"நிறைய."

"எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்தது?"

டாக்டர் கணவன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரம்மாவை வெளியில உட்காரச் சொல்லுங்க."

வாசலைத் தாண்டியதும் கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "வலி எனக்கு! நீ அங்க விசாரணைக் கமிஷன் நடத்துறே!"

அது உண்மைதான் என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. வியாழக்கிழமைக்கு வரமாட்டோம் என்று வரவேற்பறையில் சொல்லிவிட்டு, வேலைக்கு லீவு போட்டாள்.

மறுநாள் ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடிப் போனாள். "யார் கைபட்டவங்க எழுந்து நடக்குறாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்?" அவர் சிரித்துவிட்டு ஒரு பெண் டாக்டரைச் சொன்னார். அந்த டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு பேரிடமும் பேசினாள். ஒருவர் புகழ்ந்தார், இன்னொருவர் வலி பாதிதான் போனது என்றார். திங்கட்கிழமைக்கு நேரம் கிடைத்தது.

அந்த டாக்டர் முதலில் கணவனின் செருப்பைக் கழற்றச் சொன்னார். "குதிகால்ல நில்லுங்க." வலது பாதம் மேலே எழவே இல்லை.

"பாதம் பலமிழக்குது. முதல்ல பாத்தவர் சொல்லலையா?"

"அவர் காலைத் தொடவே இல்லைங்க" என்றான் கணவன், மெதுவாக.

"இனி தள்ளிப்போடக் கூடாது. நாளைக்கே செஞ்சிடலாம். போன வருஷம் தொண்ணூறு பேருக்குச் செஞ்சேன். நாலு பேருக்கு மறுபடி திறந்தேன். ஒருத்தருக்குக் கால் இன்னும் சரியாகலை."

"கத்தி பிடிக்கிறது நீங்கதானா?"

"நானேதான்."

ஆபரேஷன் முடிந்ததும் கால்வலி நின்றது. பாதம் மட்டும் முழுசாகத் தேறவில்லை. நடக்கும்போது லேசாகத் தட்டியது. வார்டுக்கு வந்த அண்ணன், "அன்னிக்கே வியாழக்கிழமை செஞ்சிருந்தா..." என்று இழுத்தான்.

அந்த ஐந்து நாளில்தான் பாதம் கெட்டதா என்று அவளே டாக்டரிடம் கேட்டிருந்தாள். சொல்ல முடியாது என்றார் அவர். அந்தக் கேள்வி அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அவள் வாய் திறக்குமுன் கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மச்சான், வாயை மூடுங்க. என் காலைத் தொட்டுக்கூடப் பாக்காத ஆள்கிட்ட என்னைத் தள்ளிவிடப் பாத்தீங்க. அவகிட்ட கத்தினதுக்கு நான் வெட்கப்படுறேன். உங்களுக்கு அதுகூட இல்லையா?"

அண்ணன் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினான். அவள் தடுக்கவில்லை.